துரை ஊர் ஆறும் எங்கள் கொரம்பும்

நான் சீமைக்குப் போனதில்லை. கப்பலைக்கூடப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் ஓடும் ஒரு சின்ன ஆற்றை, ஊற்றெடுக்கும் இடத்திலிருந்து பெரிய ஆற்றோடு சேரும் இடம் வரைக்கும் எனக்குத் தெரியும். எந்த மேட்டில் பிறக்கிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் நுழைகிறது, எந்த ஆலைக்காரன் அதை மறித்தான், அவனிடம் யார் போய்ப் பேசினார்கள் எல்லாம் அத்துபடி. எங்கள் சொந்தத்தில் ஒருவர் பாரிஸ்டருக்குப் படிக்க அங்கே போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு வந்தார். அவரிடம் அந்த ஆற்றைப் பற்றி விசாரித்தேன். தலையைச் சொறிந்தார். அத்தனை வருஷமும் அங்கே என்ன செய்தாரோ தெரியவில்லை.

அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊர் வழக்குக்குத் தன்னைச் சாட்சியாக இழுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கட்டும்.

எங்கள் ஆறு வேறு மாதிரி. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் பட்டணத்துக்குள் நுழைந்து, அங்கே உள்ளவர்கள் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் வாங்கிக்கொண்டு தெற்கே எங்கள் பக்கம் வரும். பெயர் மட்டும் திருமணிமுத்தாறு. வருஷத்தில் பாதி நாள் அது வெறும் மணல்வெளி. மாடு ஓட்டிப் போகிறவர்கள் அதைப் பாதையாக வைத்திருந்தார்கள். தண்ணீர் வரும் மாதங்களில் மேலூரும் கீழூரும் தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும். தண்ணீர் இல்லாத மாதங்களில் போன சண்டையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளும். நாங்கள் மேலூர்.

சண்டை கொரம்பைப் பற்றியது. ஆற்றை மறித்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்ப வருஷா வருஷம் ஊரார் கூடிப் போடும் தடுப்புக்குத்தான் எங்கள் பக்கம் கொரம்பு என்று பெயர். கல்லைப் போட்டு, மணலை அணைத்து, முள்ளும் தழையும் திணித்துக் கட்டுவார்கள். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்த வருஷம் மறுபடியும் போடுவார்கள். கல்லும் மணலும் என்பதால் அதில் தண்ணீர் கசியும். கசிந்து போகிற தண்ணீர் கீழே இருக்கும் கீழூர்க் கொரம்புக்குப் போய்ச் சேரும். பாட்டன் காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு.

ஒரு வருஷம் மழை குறைவு. எங்கள் ஊர்க்காரர்கள் கொரம்பின் மேல் களிமண்ணை மிதித்துப் பூசி, ஒரு சொட்டுக் கசியாமல் அடைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. ஆனாலும் பூசினார்கள், கை பழகிவிட்டதே. அதற்கடுத்த வருஷம் கீழூர்க்காரர்கள் வந்து கேட்டபோது, களிமண் பூசுவது எங்கள் முன்னோர் வழக்கம் என்று பதில் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு காரியத்தை மூன்று தடவை செய்துவிட்டால் முன்னோர்கள் வந்து அதற்குப் பொறுப்பு ஏற்றுக்கொள்வார்கள். கீழூர் மனுக் கொடுத்தது. மேலூர் எதிர் மனுக் கொடுத்தது. களிமண் வழக்கு என்று தாலூகா முழுக்கப் பெயர் எடுத்தோம்.

மேலூர்க் கட்சிக்கு முன்னால் நின்றவர் என் அப்பா. கீழூர்க் கட்சியில் நின்றவர்களில் ஒருவர் என் மச்சான், அதாவது அக்காவின் புருஷன். வழக்கு ஆரம்பிப்பதற்கு முன்பே அக்காவைக் கீழூரில் கொடுத்திருந்தோம். மனுக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டது இல்லை. அக்கா பிறந்த வீட்டு வாசலை மிதித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவளோடு யாருக்கும் கோபம் கிடையாது. அவளை யாரும் வராதே என்று சொல்லவும் இல்லை. அவள் வந்தால் அப்பா வழக்கில் இளகிவிட்டார் என்று ஊர் சொல்லும், அவ்வளவுதான். கூப்பிடு தூரத்தில் இருந்த அக்காவை நான் தேர்க்கூட்டத்தில் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வருவேன். எனக்கு அந்த இரண்டு ஊர்க் கிழவர்களின் மேலும் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மச்சான் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அக்காவும் கூடவே நின்று கொடி கட்டினாள். வெற்றிலைக்குத் தண்ணீர் ஓயக் கூடாது. அந்தப் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும். இல்லாவிட்டால் ஊறுவது உப்பு. கொடி ஒரு தரம் காய்ந்தால் காய்ந்ததுதான், அடுத்த மழைக்குத் தழைக்காது. கொடிக்கால் போய்விட்டால் மச்சான் நிலத்தை விட்டுவிட்டு எடப்பாடிப் பக்கம் ஒரு பங்காளி காட்டை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழப் போய்விடுவார் என்று பேச்சு இருந்தது. போனால் அக்காவைத் தேர்க்கூட்டத்தில்கூடப் பார்க்க முடியாது.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று. அதைச் சொல்லாவிட்டால் இனி நடந்தது புரியாது. எங்களில் மரியாதை தெரிந்தவன் எதையும் நேராகச் சொல்ல மாட்டான், சாடையாகத்தான் சொல்வான். இரவல் வண்டி கேட்டு வந்தவனிடம் இல்லை என்று சொல்வது மகா அநாகரிகம். போன வருஷம் இரவல் போன வண்டி அச்சு முறிந்து வந்த கதையை விவரமாகச் சொல்லி, மோர் கொடுத்து அனுப்ப வேண்டும். பஞ்சாயத்திலும் அப்படித்தான். பெரிய மனுஷர் தீர்ப்பு என்று ஒன்றைச் சொல்ல மாட்டார். தம் மாமனார் ஊரில் இப்படித்தான் இரண்டு பேர் இருந்தார்கள் என்று ஆரம்பிப்பார். அவர்களுக்கு ஒரு வேலி இருந்தது, ஒரு புளியமரம் இருந்தது, கடைசியில் ஒருவன் இப்படிச் செய்தான் என்று முடிப்பார். ஒருவரும் ஒன்றும் கேட்காமல் எழுந்து போவார்கள். தோற்றவன் மறுநாள் காலையில் தன் வேலியைத் தள்ளிப் போட்டிருப்பான். முகத்துக்கு நேரே நீ தோற்றாய் என்று சொல்லும் சர்க்கார் கச்சேரி வழக்கத்தை எங்கள் பெரியவர்கள் கடைசிவரைக்கும் அருவருப்போடுதான் பார்த்தார்கள். ஆனால் கச்சேரிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மழை குறைந்த ஒரு வருஷம், தை மாதத்தில் சேலத்திலிருந்து ராவுத்தர் வந்தார். எங்களிடம் வெல்லமும் கீழூரில் வெற்றிலையும் வாங்குகிற வியாபாரி. இரண்டு ஊரிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். வெல்லத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல அப்பாவிடம் சொன்னார்:

"கீழூர்ல கெழக்கோரமா ஒரு கொடிக்கால் இருக்குதுங்களே, நல்ல எலை. பங்குனி தாண்டாதுங்க கவுண்டரே. இனி நான் வேற ஊரு பாத்துக்கணும்."

அந்தக் கிழக்கோரத்துக் கொடிக்கால் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அப்படீங்களா என்று சொல்லிவிட்டு வெல்லத்தின் விலையைப் பேச ஆரம்பித்தார். எப்போதும் ராவுத்தரோடு சுலபத்தில் விலை இறங்காத மனுஷர் அன்றைக்கு அவர் கேட்ட விலைக்கே தலையை ஆட்டிவிட்டார். ராவுத்தரே கொஞ்சம் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

மாசியில் சப்-கலெக்டர் துரை ஸ்தலத்தைப் பார்க்க வருகிறார் என்று தாக்கல் வந்தது. சின்ன வயசு வெள்ளைக்காரர், ஊருக்குப் புதுசு. தமிழில் பரீட்சை எழுதித் தேறியவர் என்று சொன்னார்கள். அவர் பேசிய தமிழைக் கேட்டபோது பரீட்சை வைத்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள் என்று தெரிந்தது. அவர் எதைச் சொன்னாலும் எங்கள் ஆட்கள் ஆமாங்க என்றார்கள். கொரம்பை இடிக்கட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். மொழிபெயர்க்க வந்த குமாஸ்தாவுக்கோ முந்தின ஊரில் போட்ட விருந்து வயிற்றில் நிற்கவில்லை. அவர் செம்பும் கையுமாகத் தோப்புப் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

அப்பா என்னை முன்னால் தள்ளினார். நான் சேலத்தில் இண்டர்மீடியட் படித்துத் தேறி, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் ஊரில் அந்தப் படிப்புக்கு அதுவரை ஒரு உபயோகமும் ஏற்பட்டதில்லை. எதிர்க்கட்சிக்காரன் மகனா மொழிபெயர்ப்பது என்று கீழூர்க்காரர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று பார்த்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில் மச்சான் எழுந்து நின்று, பையன் பொய் சொல்ல மாட்டான் என்று பொதுவாகக் காற்றில் சொன்னார். நான் போய்த் துரையின் பக்கத்தில் நின்றேன்.

துரை வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, ஆறு எங்கே என்பது. அவர் ஆற்றுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். அதை எப்படி மரியாதையாக எடுத்துச் சொல்வது என்று நான் தவித்தேன். கர்ணம் வந்து, மணலைச் சுட்டிக்காட்டி, பிறகு ஓரமாகக் கயிறு அகலத்துக்கு ஓடிய தண்ணீரையும் சுட்டிக்காட்டினார். துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

புங்கமர நிழலில் நாற்காலி போட்டோம். ஒரு பக்கம் மேலூர், ஒரு பக்கம் கீழூர். விசாரணை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பேச எழுந்த ஒவ்வொருவரும் தங்கள் பாட்டனாரிலிருந்து ஆரம்பித்தார்கள். கீழூர்க்காரர்கள் அதற்கும் முந்தி, ஊருக்குக் காணி கொடுத்த காலத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நான் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து நாக்கு வறண்டேன். துரைக்குக் கண் சொருகியது. உச்சி வெயில் ஏறிவிட்டது, அவருக்கு வர வேண்டிய டிபன் கூடையும் வந்து சேரவில்லை. அவர் எழுந்து கொரம்புப் பக்கம் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, தம் ஊரில் ஓர் ஆறு இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

பாவம், பொழுது போவதற்காகப் பேசினார், அல்லது வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இருபத்தைந்து வயசுப் பிள்ளை, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து எங்கள் களிமண்ணில் மாட்டிக்கொண்டது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். ஆனால் அவர் வாயிலிருந்து 'என் ஊரில்' என்ற சொல் வந்து நான் அதைத் தமிழில் சொன்னதும் இரண்டு பக்கமும் சலசலப்பு நின்றுபோயிற்று. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒரு கிழவர் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

துரை ஊர் ஆறு ஒரு குடியானவனின் மேட்டு நிலத்தில் பிறக்கிறது. இரண்டு மூன்று மரங்களுக்கு நடுவே புல்லில் ஓர் ஈரம், அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் அது ஓடையாகிறது. கன்றுக்குட்டி ஒரு தாண்டில் தாண்டிவிடும். அப்புறம் பச்சைப் புல்வெளிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வருகிறது. கரை நெடுகக் கிளையைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு மரங்கள். மேய்கிற பசுக்கள் இறங்கி வயிறு நனைய நிற்கும். ஓர் ஊர் வருகிறது. அங்கே ஒரு மாதா கோயில். அந்தக் கோயில் பாதிரியார்தான் துரையின் அப்பா. கோயிலைத் தாண்டினால் கல்பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அடியில் கூழாங்கல் தெரியும். பாலத்துக்குக் கீழே மாவு ஆலை. ஆற்றை மறித்து, தண்ணீரை ஒரு பெரிய சக்கரத்தின் மேல் விழ வைத்து, அது சுற்றுகிற சுற்றில் கோதுமை அரைப்பார்கள். ஆலையைத் தாண்டி நாணல், வாத்து, இன்னும் இரண்டு ஊர். கடைசியாகத் தோல் பதனிடுகிற ஒரு பட்டணத்தில் அழுக்காகி, சத்தமில்லாமல் பெரிய ஆற்றில் சேர்ந்துவிடும்.

தோல் பதனிடுகிற இடம் வந்ததும் எங்கள் ஆட்கள் தலையை ஆட்டினார்கள். சேலம் எல்லா நாட்டிலும் ஒன்று உண்டு என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. மற்றதெல்லாம் விளங்கவில்லை. கேள்விகள் வந்தன. ஊற்று இருக்கிற நிலத்துக்காரன் கீழே உள்ளவர்களைத் தடுக்க மாட்டானா? மாட்டானாம். சித்திரையில் காயுமா? காயவே காயாதாம். எவ்வளவு நிலம் பாய்கிறது? ஒரு காணிகூட இல்லையாம். பயிருக்கு வேண்டியதை மழையே பெய்துவிடுமாம். கீழூர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"பின்ன எதுக்குங்க சாமி அது ஓடுது?"

துரை யோசித்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. சிரித்துவிட்டு, சும்மாதான் ஓடுகிறது என்றார். நான் அதையே சொன்னேன். சும்மா ஓடுகிற ஓர் ஆற்றை நினைத்து மேலூரும் கீழூரும் சேர்ந்து வயிறெரிந்தன. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

பிறகுதான் மீன் வந்தது. ஆலைக்காரனின் தடுப்பில் திறப்பாக ஒரு வாய் விட்டிருக்கும் என்றார் துரை. வருஷத்தில் ஒரு காலம் மீன்கள் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே போகும். அவை போவதற்கு வழி விட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். ஒரு தடவை ஆலைக்காரன் பேராசை பிடித்து அந்த வாயைப் பலகை போட்டு அடைத்துவிட்டான். ஊரே அவனுடைய ஆலையில் மாவு அரைப்பதை நிறுத்திவிட்டது. துரையின் அப்பா நேரில் போய் அவனைப் பார்த்தார். சண்டை போடவில்லையாம், அவன் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தாராம். மறுநாள் பலகையை எடுத்துவிட்டான்.

நான் சொல்லி முடித்தேன். அப்பா மெதுவாக எழுந்தார். அந்த வாய் எவ்வளவு அகலம் இருக்கும் என்று கேட்கச் சொன்னார். துரை, யார் மீனைப் பற்றிக் கேட்டாலும் சந்தோஷப்படுகிற ஜாதி; இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அப்பா அதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் டிபன் கூடை வந்துவிட்டது. துரை சாப்பிட்டுவிட்டு, உத்தரவு பின்னால் வரும் என்று சொல்லிக் குதிரை ஏறினார். இரண்டு ஊரும் அவர் போகும்வரை கும்பிட்டபடி நின்றன. உத்தரவு வந்தாகிவிட்டது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் உத்தரவு போட்டவர்தான்.

மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் எங்கள் ஊர் கூடியது. மீன் என்று துரை சொன்னது கீழூர்க்காரனைத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆலைக்காரன் நாம். பலகை நம்முடைய களிமண். ஊர் மாவு அரைக்காமல் விட்டது இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எவ்வளவு பதமாக, ஒருத்தர் மனசும் நோகாமல் சொல்லிவிட்டார் பாருங்கள் என்று வியந்தார்கள். வெள்ளைக்காரருக்குள்ளும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் உண்டு என்றார் என் பெரியப்பா. நான் பொறுக்க முடியாமல், அவர் நிஜமாகவே மீனைப் பற்றித்தான் பேசினார் என்றேன். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"மீனுக்கு வழி உடறதுக்கா ஒரு ஊருச் சனம் மாவு அரைக்காம இருக்கும்? படிக்க வெச்சது தப்பாப் போச்சு" என்று பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்.

அப்பா எழுந்து, துரை காட்டிய அகலம் இவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினார். துரை காட்டியதைவிடக் கொஞ்சம் தாராளமாக இருந்ததாக எனக்குப் பட்டது. ஆனால் என் பேச்சுக்கு அன்றைக்கு இருந்த மரியாதையில் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்கு ஒரு குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு போய், கொரம்பில் களிமண்ணை வெட்டி வாய் விட்டார்கள்.

கீழூருக்குத் தண்ணீர் போயிற்று. பெரிய வெள்ளம் ஒன்றுமில்லை. இரண்டு சாண் அகலம் ஓடியிருக்கும். கிணற்றில் உப்பு அடங்குவதற்கு அது போதும். எங்கள் ஊரில் அன்று முதல் கீழூர்க்காரர்களுக்கு மீன்கள் என்று பெயர். சந்தையில் எதிரே வந்தால், என்ன மீனு, தண்ணி போதுமா என்று கேட்பார்கள். அவர்களும், என்ன ஆலைக்காரரே, மாவு அரைபடுதா என்று திருப்பிக் கேட்பார்கள். வழக்கு முடியாததால் வீட்டுக்கு வீடு போக்குவரத்து மட்டும் ஆரம்பிக்கவில்லை. பங்குனியில் ராவுத்தர் வந்தார். கீழூரில் கிழக்கோரத்துக் கொடிக்கால் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று வெல்ல மூட்டைக்குச் சொன்னார். அப்பா அன்றைக்குப் பழையபடி விலைக்கு மல்லுக்கட்டினார்.

ஆனியில் உத்தரவு வந்தது. துரை அதற்குள் மாற்றலாகி எங்கோ போய்விட்டார். போகும் முன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கர்ணம் கொண்டுவந்த காகிதத்தை நான்தான் சபையில் படித்துச் சொன்னேன். மேலூர்க்காரர்கள் களிமண் பூசுவது பல வருஷமாக நடந்துவருவது விசாரணையில் தெரிகிறது. அதில் சர்க்கார் தலையிட முகாந்திரம் இல்லை. கீழூர் மனுத் தள்ளப்பட்டது. மீனைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது. ஜெயித்தோம் என்று புரிவதற்கே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இளவட்டங்கள் மண்வெட்டியைத் தேட ஆரம்பித்தார்கள். அன்றைக்கே கொரம்பின் வாயை அடைத்துவிட வேண்டும் என்றார்கள். பெரியப்பாகூட, சர்க்கார் சொல்லியாச்சே என்று இழுத்தார். கோடை மழையால் வற்றாமல் ஓடிய தண்ணீரை ஆனி வெயிலில் அடைத்தால் அக்கா கொடிக்கால் பத்து நாள் தாங்காது. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. சொல்வதற்குத்தான் ஒரு நியாயமும் அகப்படவில்லை. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது.

அப்பா எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சபையில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இது கச்சேரியில உக்காந்து எழுதுன காயிதமுங்க. அன்னிக்கு அவரு நம்ம மண்ணுல நின்னு, தான் பொறந்த ஊரு ஆத்தைச் சொல்லி, பெத்த அப்பன் பேரைச் சொல்லிச் சொன்னாரு. நாமளும் ஒத்துக்கிட்டு வாய் உட்டுப்போட்டோம். இப்ப அடைச்சா அந்த ஊருச் சனம் நம்மளை என்ன நெனைக்குமுங்க?"

கப்பலேறிப் போக வேண்டிய தூரத்தில், பாலத்துச் சுவரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிற ஜனங்கள் எங்கள் மேலூரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று சபை ஆழ்ந்து யோசித்தது. அது பெரிய கௌரவப் பிரச்சினையாகப் பட்டது. பெரியப்பா தலையை ஆட்டினார். மண்வெட்டிகள் வீட்டுக்குத் திரும்பின. அந்தச் சங்கதியைக் கேட்டுக் கீழூரிலிருந்து பெரியவர்கள் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள்.

வழக்கு ஒழிந்ததால் அந்த ஆடிக்கு அக்கா குழந்தையோடு வந்தாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். நானும் அழுதேன், அதுவும் போதும். அப்பா வாம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். அவள் இருந்த நாளெல்லாம் அவருக்குக் காட்டில் ஏகப்பட்ட வேலை இருந்தது. ஆனால் அவள் புறப்பட்ட அன்று, வழியனுப்ப நான் கிளம்பியபோது, அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

கொரம்பு வரைக்கும் போனோம். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லின் மேலே கால் வைத்துத் தாண்டி, அக்கரையில் நின்ற மச்சானோடு சேர்ந்து போனாள். மரங்களுக்குள் மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொரம்பின் வாயில் ஒரு முள்கட்டை வந்து சிக்கியிருந்ததைக் குனிந்து எடுத்து எறிந்தார். தண்ணீர் விசையாகப் போயிற்று. எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது. ஊர்தான் எப்படியோ போகட்டும், பெற்ற அப்பா இப்படி ஏமாந்து நிற்கிறாரே என்று இருந்தது. அப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் துரை நிஜமாகவே மீனைப் பற்றித்தான் பேசினார் என்றேன்.

அப்பா கையிலிருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் சாமி. என்ற மகளுக்குத் தண்ணி உடுங்கன்னு நான் சபையில கேக்க முடியுமா? மீனுக்குன்னா கேக்கலாம்."